இடது பின்வரிசை

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரின் மைதானம் சரிவில் இருக்கிறது. புளியமரத்துப் பக்கம் மேடு, பள்ளிக்கூடத்துப் பக்கம் பள்ளம். அதனால் எங்கள் கால்பந்து அணிக்கு ஒரே வியூகம்தான். டாஸ் ஜெயித்தால் முதலில் மேட்டைப் பார்த்து ஆடுவோம், என்னைத் தவிர எல்லோரும் பின்னால் நின்று காப்பார்கள். பாதி முடிந்து பக்கம் மாறியதும் பள்ளம் எங்களுடையது. "எறங்கு" என்று கேப்டன் ஒரு குரல் கொடுத்தால் மொத்த அணியும் முன்னால் பாயும். பந்தைத் தட்டிவிட்டால் போதும், மீதியை மலை பார்த்துக்கொள்ளும். எந்தப் பாதியிலும் இடம் மாறாதவன் நான் மட்டும்தான். முன்களத்தின் நடுவில் நின்று கோல் போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வந்து அதைக் கெடுத்தான். கீழே சமவெளியில் இருக்கும் கணியம்பாடிக்காரன். தேனும் சாமையும் வாங்கி விற்கும் தொழிலுக்காக எங்கள் ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கினான், எங்கள் அணியிலும் சேர்ந்தான். மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் இறுதி ஆட்டம் என்று முடிவானதும், கூழாங்கற்களை மண்ணில் அடுக்கினான்.

"பின்னாடி நாலு, நடுவுல நாலு, முன்னாடி ரெண்டு. அங்க கிரவுண்டு சமதரை மச்சான். உங்க மேடு பள்ளக் கணக்கு செல்லாது."

முன்னால் இருந்த இரண்டு கற்களில் ஒன்று அவன். நான் எங்கே என்று தேடினேன். பின்வரிசையில், இடது ஓரத்துக் கல்.

ஷேர் ஜீப் ஓட்டும் எங்கள் கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த ஒரு மேட்ச் பாப்போம்டா. மாப்ள கோல் போட்டா அவனே முன்னாடி ஆடட்டும். போடலன்னா ஒன் எடம் ஒனக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. பயிற்சியில் அவன் பந்தை வெளியே அடித்த நாட்களில்தான் எனக்குச் சோறு இறங்கியது. நான் கோல் போட்டால் ஓரக்கோட்டில் நின்று கத்துகிற தங்கை, இப்போது அவனுடைய ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணா, மூஞ்சியத் தூக்கி வச்சினு கீற?" என்றாள். சும்மாதான் என்றேன்.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் அவன் சொன்ன வியூகம் நன்றாகவே வேலை செய்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நடுக்களத்துப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்து ஒரு கோல் போட்டான். இடைவேளை முடிந்து பக்கம் மாறினோம். கேப்டன் பழக்கதோஷத்தில் "எறங்கு" என்று கத்திவிட்டார். பின்வரிசை மொத்தமும் முன்னால் ஓடியது, நானும்தான். யாரோ பந்தைத் தட்டிவிட்டான், அது உருளும் என்று நினைத்து ஓடினோம். அது புல்லிலேயே நின்றுவிட்டது. எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத எங்கள் பாதியில் நிதானமாகப் போய் கோல் போட்டான்.

"எங்க எறங்குறீங்க? இங்க பள்ளம் எங்க கீது?" என்று என் தங்கை கணவன் தலையில் கை வைத்தான். கூட்டம் சிரித்தது.

அவமானம்தான். ஆனால் உள்ளூர எனக்கு ஒரு கணக்கு ஓடியது. ஆட்டம் சமநிலை. அவன் இன்னும் கோல் போடவில்லை. இப்படியே முடிந்து டைபிரேக்கருக்குப் போனால் அடுத்த மேட்சில் நான் மறுபடியும் முன்களத்துக்குப் போய்விடலாம்.

கடைசி நேரத்தில் பந்து என்னிடம் வந்தது. முன்னால் ஆடியவரை நான் மைதானத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. இடது ஓரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. எதிரணியின் பின்வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு சந்து. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கால் என்னைக் கேட்கவில்லை. சமதரைக்கு வேண்டிய பலத்தோடு அந்தச் சந்துக்குள் அடித்தேன். பந்தைப் பார்த்த பிறகுதான் அவன் ஓடினான். ஓடிப் பிடித்துக் கோலாக்கினான்.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். கேப்டன் என் பக்கம் திரும்பவில்லை, முன்களம் இனி மாப்பிள்ளைக்குத்தான். ஜீப்பில் ஏறியதும் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் அங்க ஓடுவேன்னு எனக்கே தெரியாது மச்சான். ஒங்களுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"அது என் எடம் மாப்ள" என்றேன்.