பலேர்மோவில் ஒரு முதுகும் மூன்று வெந்நீர்க் கூடங்களும்

புதன்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு விமானம் பலேர்மோவில் இறங்கியது. ரொறன்ரோவிலிருந்து ரோம், அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஒரு மணி நேரப் பறப்பு. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர், பஸ்ஸுக்கு ஆறரை யூரோ. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. அழகுதான். ஆனால் நான் அழகு பார்க்க வரவில்லை, என் தம்பி யூட்டின் முதுகைப் பார்க்க வந்தேன்.

யூட் பதினொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறான். ஒரேத்தோப் பகுதியில் ஒரு வீட்டோடு தங்கி, எண்பத்தாறு வயதுச் சின்யோர் கார்மேலோவைப் பராமரிப்பது அவன் வேலை. கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று நாளுக்குப் பத்துத் தடவையாவது அவரைத் தூக்க வேண்டும். சில மாதங்களாக யூட் தொலைபேசியில் கதைத்தபடி எழும்பினால் ஒரு முனகல் கேட்கும். என்னவென்று கேட்டால் "ஒண்டுமில்லை அண்ணை" என்பான். அடுத்த மாதம் அவனுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கொன்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், வேண்டும். ஒப்பந்தத்துக்கு முதுகு வேண்டும். இது விளங்குவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

வைத்தியம் என்னிடம் இருந்தது. ரொறன்ரோவின் வடக்கே ஒரு கொரிய வெந்நீர்க் கூடம் இருக்கிறது. நாற்பது டொலர் கொடுத்தால் நாள் முழுக்க இருக்கலாம். ஆண்கள் பகுதிக்குள் போனதும் உடுப்பு முழுவதையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும், துண்டுத் துணி கூடாது. மூன்று தொட்டிகள், ஒன்றைவிட ஒன்று சூடு. அதற்குப் பிறகு ஐஸ் போன்ற குளிர்தொட்டி, சூடேற்றிய களிமண் அறை. கடைசியில் ஒரு கொரியர் பச்சை நிறச் சொரசொரத்த கையுறையைப் போட்டு முதுகைத் தேய்த்துவிடுவார். வருகிறவர்கள் கொரியக் கிழவர்கள், ரஷ்ய லொறிச் சாரதிகள், என்னைப்போல ஒருவரை ஒருவர் காணாத மாதிரி நடிக்கிற இரண்டு மூன்று தமிழர்கள். பார்சல் வான் ஓட்டி ஒடிந்த என் முதுகு பத்து வருடமாக அங்கேதான் திருத்தப்படுகிறது. அந்தக் கையுறைக்குக் கொரியாவில் 'இத்தாலித் துவாய்' என்று பெயராம். ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இத்தாலியில் ஒரு ஆணுக்கு முதுகு தேய்க்க இடமில்லாமலா போகும் என்று நினைத்தேன்.

வியாழன், பின்னேரம் மூன்று மணி. வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. ஆக எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் இருந்த ஸ்பாவுக்கு யூட்டை இழுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு நாற்பத்தைந்து யூரோ, அதுவும் இரண்டே மணி நேரத்துக்கு. றப்பர்த் தொப்பி கட்டாயம், ஐந்து யூரோ. செருப்புக் கட்டாயம், நான்கு யூரோ. மேசையில் இருந்த பெண் இன்னும் எதையோ கட்டாயம் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

உடை மாற்றும் அறையில் பத்து வருடப் பழக்கம் தன் வேலையைச் செய்தது. எல்லாவற்றையும் கழற்றினேன். கட்டாயம் என்றார்களே என்று தொப்பியைத் தலையில் இழுத்து மாட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டு, வேறொன்றும் இல்லாமல் கதவைத் திறந்து வெளியே நடந்தேன். எதிரே குமிழித் தொட்டிக்குள் இரண்டு சின்யோராக்கள் இருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள், மற்றவள் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் குளிக்கிறார்கள். நீச்சலுடைதான் எல்லாவற்றிலும் பெரிய கட்டாயம் என்பது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது.

துவாயோடு ஓடி வந்த பணியாளர் என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தமிழில் சொன்னார்: "அண்ணை, இஞ்சை அப்பிடி இல்லை."

அவர் பெயர் பெனடிக்ற், மன்னார் ஆள், யூட்டின் கோயில் பங்கைச் சேர்ந்தவர். பலேர்மோவின் ஸ்பாக்களில் தமிழர் இருக்கிறார்கள், துவாயும் தரை கூட்டும் தும்புத்தடியுமாக இருக்கிறார்கள். அறைக்குத் திரும்பினால் யூட் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாங்கில் இருந்தான். பெனடிக்ற்றைக் கண்டதும் எழும்பிவிட்டான்.

"போவம் அண்ணை."

"டேய், தொண்ணூறு யூரோ குடுத்திருக்கிறன். ஒரு அரை மணித்தியாலம் சுடுதண்ணிக்குள்ளை இரு."

"எனக்கு வேண்டாம். நீங்கள் இருங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்."

அந்தச் சின்யோராக்களுக்கு முன்னால் தனியே போய் இருக்க நான் என்ன கல்லா? இருவரும் வெளியே வந்து இரண்டு யூரோவுக்கு ஐஸ்பழம் வாங்கிக் குடித்தோம். எனக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை யூட்டுக்கு வேலை. தனியே தேடுவோம் என்று கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் போனேன். சிறிய கதவு, பெரிய எழுத்தில் 'ஆண்கள் மட்டும்'. மனம் குளிர்ந்துவிட்டது. நுழைவு பதினேழு யூரோ, அதற்கு மேலே அங்கத்தவர் அட்டைக்குப் பத்து யூரோ. உள்ளே போனால் உண்மையிலேயே நல்ல இடம். மரத்தாலான சூட்டறையில் சூடு குறைவில்லை, நீராவி அறை சுத்தமாக இருந்தது, எல்லோரும் இடுப்பில் துவாயோடு அமைதியாக இருந்தார்கள். வெளிச்சம்தான் கொஞ்சம் போதாது. நான் என் பச்சைக் கையுறையை எடுத்துக்கொண்டு, இங்கே முதுகு தேய்க்கிறவர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கத்தில் வந்து இருந்து, முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று தம்பியின் கதை முழுவதையும் சொன்னேன். தூக்கும் வேலை, முனகல், பெர்மெஸ்ஸோ எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான், இது ஆண்களை விரும்பும் ஆண்கள் சந்தித்துப் பழகும் இடம், வாசலில் உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்களைப் பார்த்து அல்ல, கையுறையோடு ஆள் ஆளாகப் போய்க் கேட்ட என்னை நினைத்துத்தான். அவர் சிரித்துவிட்டு, உங்கள் தம்பி தூக்கும்போது முழங்காலை மடக்குகிறாரா, இடுப்பை வளைக்கிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் யூட்டின் முதுகைப் பற்றி அக்கறையாக ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். இத்தாலித் துவாய் என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். அவரிடமே அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்ததும் பிரான்காச்சோவுக்குப் போனோம். 'கொரிய ஸ்பா' என்று தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. பஸ்ஸுக்கு ஒரு யூரோ நாற்பது சதம், காத்திருப்பு ஐம்பது நிமிடம், நிழல் இல்லை. மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே, கதவு திருத்தும் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில், இரண்டு கதிரைகள் கொண்ட அழகு நிலையம். மூலையில் அலுமாரி அளவில் ஒரு மரப்பெட்டியும் அதற்குள் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. ஒரு தடவைக்கு ஒருவர், அரை மணி நேரம், இருபத்தைந்து யூரோ. தொட்டி எங்கே என்று கேட்டேன், இல்லை. தேய்க்கிறவர்? இல்லை. அப்படியென்றால் கொரியா எங்கே என்று யூட் மூலம் கேட்டதற்கு, கடைக்காரப் பெண் ஒரு பொதியை உடைத்து முகத்தில் ஒட்டுகிற ஈரத்தாளைக் காட்டினாள்.

"நீ பெட்டிக்குள்ளை போய் இரு. சூடாவது பிடிக்கும்," என்றேன்.

"சேட்டைக் கழட்டவேணும் எண்டுறா."

"கழட்டன்."

"வேண்டாம். இந்தத் தாளை ஒட்டுறன்."

மூன்று கண்டம் தாண்டியவன் போல நான் களைத்து நிற்க, என் தம்பி எட்டு யூரோவுக்கு முகத்தில் வெள்ளைத் தாளோடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். திரும்பும்போது பஸ் தரிப்பில் வாய் விட்டுவிட்டேன்.

"நான் விசரனோடா? உன்ரை முதுகுக்காக இவ்வளவு தூரம் வந்து அலையிறன். ஒரு சேட்டைக் கழட்டினா என்ன குறைஞ்சு போகும்?"

"நான் உங்களை வரச் சொன்னனானே? விருப்பமில்லை எண்டால் விடுங்கோவன் அண்ணை."

பஸ் வந்ததும் அவன் முன்னுக்கும் நான் பின்னுக்குமாக இருந்தோம்.

பின்னேரம் ஆறரைக்கு அவன் வேலைக்குத் திரும்பவேண்டும். மறுநாள் எனக்குப் பயணம் என்பதால் கோபத்தோடுதான் நானும் கூடப் போனேன். மூன்றாம் மாடி. சின்யோர் கார்மேலோ ஓய்வுபெற்ற ஆசிரியர், உயரமான மனிதர், சட்டை தோளில் தொங்கியது. யூட் பாஸ்தா கொடுத்தான். அவர் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். யூட் ஏதோ சொல்லி ஏசினான், அவர் அசையவில்லை. பிறகு குளியல்.

தம்பி வேலை செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள, அவன் தூக்கித் தண்ணீருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினான். தண்ணீரின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்த்தான். கழுவாத பகுதியைத் துவாயால் மூடி, கழுவுகிற பகுதியை மட்டும் திறந்தான். இரண்டு பெருவிரலாலும் முள்ளந்தண்டின் இரு கரையையும் கீழிருந்து மேலே அழுத்தித் தேய்த்தான். ரொறன்ரோவில் நான் காசு கொடுத்து வாங்குவது இதில் பாதிதான். ஊர் முழுக்கத் தேடிய இடம் என் தம்பியின் கையில் இருந்தது, அந்தக் கைக்காரனுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பத் தூக்கும்போது யூட்டின் முழங்கால் மடிந்தது. நான் பாய்ந்து மறுபக்கத்தில் பிடித்தேன். இருவருமாக அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தினோம். அப்போது என் கை அவன் சேட்டுக்குக் கீழே கட்டியான ஒன்றில் பட்டது.

"என்னடா இது?"

அவன் விலகினான். நான் விடவில்லை, சேட்டைத் தூக்கினேன். அகலமான பட்டி ஒன்று இடுப்பை இறுக்கிக் கிடந்தது. பின்பக்கம் உலோகத் தகடுகள், முன்பக்கம் கொக்கி. பட்டியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசம். படுக்கேக்கையும் கழட்டிறேல்லை. கழட்டினா விடிய எழும்பேலாது."

"இதுக்கே சேட்டைக் கழட்டாமல் திரிஞ்சனி?"

"பெனடிக்ற் அண்ணையின்ரை மனுசி கிழமைக்கு ஒருக்கால் இஞ்சை கிளீன் பண்ண வாறவா. கதை சின்யோராவுக்குப் போகும். தூக்கேலாதவனை வச்சு என்ன செய்யிறது எண்டு வேறை ஆளை எடுப்பா. பிறகு கொன்ராத்தோ எங்கை, பெர்மெஸ்ஸோ எங்கை?"

சின்யோரா என்றது கிழவரின் மகளை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று சத்தம் போட்டேன். அப்போது சக்கர நாற்காலியிலிருந்து சின்யோர் கார்மேலோ மெதுவாக ஏதோ சொன்னார், கொஞ்சம் நீளமாகவே சொன்னார். யூட் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லுறார்?"

"சும்மா."

"சொல்லடா."

சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "தூக்கேக்கை தன்ரை விரல் இந்தத் தகட்டிலைதான் படுறதாம். தனக்கு எப்பவோ தெரியுமாம். மகளுக்குச் சொல்லேல்லையாம், சொன்னா வேறை ஆள் வந்திடுமாம்." சேட்டை இழுத்து விட்டான். "தன்ரை பாரம் குறையட்டும் எண்டுதான் பாதி சாப்பிடுறாராம்."

பட்டியைக் கழற்றி, யூட்டை அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன். உரிந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் சுடுதண்ணீரை மெல்ல ஊற்றினேன். சவர்க்காரம் போட்டு, சற்றுமுன் அவன் செய்ததைப் பார்த்த மாதிரியே தேய்த்தேன். கதவடியில் இருந்து கிழவர் "பியானோ, பியானோ" என்று எனக்குக் கட்டளை போட்டார். மெதுவாக என்கிறார் என்று ஒருவரும் சொல்லாமலே விளங்கியது. யூட்டின் தோள்கள் இறங்க அரை மணி நேரம் எடுத்தது.

"நாளைக்குச் சின்யோராவுக்குச் சொல்லப் போறன்," என்றான்.

எனக்குப் பயமாக இருந்தது.

திங்கள், பின்னேரம் இரண்டு மணி. விமான நிலைய வரிசையில் நின்றபோது ரொறன்ரோவில் என் முதுகைத் தேய்க்கிற கொரியரை நினைத்தேன். பத்து வருடமாகப் போகிறேன். இந்தப் பக்கம் நோகிறது, அந்தப் பக்கம் அழுத்து என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு எங்கே நோகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் பெயரும் எனக்குத் தெரியாது.

தொலைபேசி அடித்தது.

"சொல்லிட்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம். விடியவே வந்தவா. சேட்டைத் தூக்கிக் காட்டினன்."

"என்னவாம்? கொன்ராத்தோ?"

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. பிறகு தகப்பனுக்குப் பக்கத்திலை போய் இருந்து சாப்பாடு குடுத்தா. முழுத் தட்டும் சாப்பிட்டார் அண்ணை."

"பிறகு?"

"பிறகு கட்டிலுக்குத் தூக்கவேணும்தானே. ஒரு பக்கம் அவா பிடிச்சா, மற்றப் பக்கம் நான். அவாக்கு மூச்சு வாங்கிப் போச்சு. அப்பாவை இண்டைக்குத்தான் முதல்தரம் தூக்கினவாவாம். நல்ல பாரம் எண்டு எனக்குச் சொல்லுறா."