கடைசியாக வந்த குளம்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் அக்காவின் மகள், பாடத்துக்கென்று பறித்து வந்த இலைகளை மேசையில் பரப்பியபோது எருக்கலைப் பாலின் கசந்த மணம் எழுந்து, முருங்கன் ஊருக்கு அப்பால், நீலத் தறப்பாள் விரிப்பைக் கூரையாகக் கட்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

போர் முடிந்து ஊருக்கு மீளக்குடியேறிய அந்த வருடம் எங்கள் சுற்றாடல் பாடம் புத்தகத்தின் ஒழுங்கில் நடக்கவில்லை. மிதிவெடி எடுக்கிறவர்கள், வெடி இருக்கும் நிலத்தைக் காட்ட நட்ட சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போனார்களோ, அவ்வளவு தூரம்தான் பாடமும் போனது. பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பதால், இலைகள் படித்த கிழமை வகுப்பு முழுவதும் பாதையோரத்து எருக்கலையையே கொண்டுவந்தது. பனையடி வரை வழி திறந்த கிழமை பறவைகள் படித்தோம், பிறகு கிணறு, பிறகு கோயில் வளவு. தறப்பாளுக்குள் வெயில் நீலமாக விழும்; மழையில் அது படபடக்கும்போது ரீச்சரின் வாயசைவைப் பார்த்தே வாய்ப்பாடு சொல்வோம்.

புத்தகத்தில் முதலாவதாக இருந்தது குளம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்போம்.

"ரீச்சர், இந்தக் கிழமை குளமோ?"

"இல்லையடா, இன்னும் தடி நிக்குது."

ஒரு திங்கட்கிழமை தடிகள் இல்லை. குளத்தடியில் புல் எங்கள் இடுப்பளவு வளர்ந்திருந்தது. சேற்று மணம் காற்றில் வந்தது.

"இனிப் பயமில்லை, பிள்ளையள். ஓடுங்கோ," என்றார் ரீச்சர்.

அந்த அகன்ற வெளியில், முன்னால் போகிறவரின் காலடியிலேயே கால் வைத்து, ஒற்றை வரிசையில் தண்ணீர் வரை நடந்தோம்.