லீலா சேச்சியைப் பேச வேண்டாம் என்று சொன்ன மாதங்கள்

என் மகள் கயலைப் பார்த்தவர்கள் எல்லோரும் "சமத்து" என்றார்கள். அழமாட்டாள், தூக்கச் சொல்லி அடம்பிடிக்கமாட்டாள். டப்பா மூடி ஒன்றைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் அறிகுறியைப் பாராட்டு என்று வாங்கி வைத்துக்கொண்டவள் நான்.

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில் எங்கள் வீடு. கணவர் கூடலூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் தேயிலை ஃபாக்டரி ஆபீஸில் கிளார்க். இருவருக்கும் பூர்வீகம் கோவைப் பக்கம். பகலில் கயலைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு லீலா சேச்சி. அவருக்கு மலையாளம்தான் வாயில் வரும். "மோளே, மோளே" என்று மகளாகவே கூப்பிட்டு நாள் முழுக்க அவளிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒன்றரை வயதில் கயலிடம் இருந்த இரண்டு சொற்களும் காணாமல் போயின. "ம்மா", "பூ". அவை வந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்தவள், போன நாளைக் கவனிக்கவில்லை. டாட்டா காட்டுவதும் எப்போதோ நின்றிருந்தது.

ஒருநாள் மாலை சேச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கயல் எதையும் விரல் நீட்டிக் காட்டறதில்ல, கண்டோ? பேரு விளிச்சா திரும்பறதுமில்ல. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைக் குறை சொல்ல வந்துவிட்டாரே என்று கோபம். கணவரிடம் சொன்னேன். "எனக்கே நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சாம், உடு" என்றார். நான் விடவில்லை, காரணம் கண்டுபிடித்தேன். எங்கள் தெருவில் தமிழ், மலையாளம், கன்னடம், படுகு என்று நாலு பாஷை ஓடும். பிள்ளை குழம்பிப்போய்விட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் சேச்சியிடம் போனேன். "சேச்சி, தப்பா நெனைக்காதீங்க. இனிமே கயல்கிட்ட மலையாளம் பேச வேண்டாங்க. தமிழ் ஒண்ணு மட்டும் காதுல உழுந்தா பேச்சு வந்துருமுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். அவருக்குத் தமிழ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். ஒரு குழந்தையைக் கொஞ்சும் அளவுக்குத் தெரியாது. அதனால் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மண்சரிவு என்று ஒருநாள் மதியமே ஆபீஸ் விட்டார்கள். சேச்சி வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்து, வாய் திறக்காமல் ஊட்டிக்கொண்டிருந்தார். கயல் சுவரைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டிருந்தாள். சொன்னபடி கேட்கிறாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஏழு மாதம் இப்படிப் போனது. தமிழும் வரவில்லை.

பிறகுதான் கோவைக்குக் கொண்டுபோனோம். முதலில் பெரா சோதனை (குழந்தை தூங்கும்போது, ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது). காது நன்றாக இருந்தது. பெரிய கண்டம் தாண்டிவிட்டதாக நினைத்து, நானும் கணவரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம்.

குழந்தை வளர்ச்சி மருத்துவர் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவளோடு விளையாடினார். சோப்புக் குமிழி ஊதினார். கயல் குமிழியைப் பார்த்தாள். ஊதியவரைப் பார்க்கவே இல்லை. கடைசியில் "ஆட்டிசம்" என்றார் (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக அமையும்).

"நாலு பாஷை கலந்ததாலதானுங்களே டாக்டர்?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது.

"இல்லைங்கம்மா. பாஷையால இது வராது. கொழந்தை யாரோட மூஞ்சியாவது பார்த்துச் சிரிப்பாளா?"

"முன்னெல்லாம் சிரிப்பாளுங்க. பக்கத்து ஊட்டுச் சேச்சி மலையாளத்துல பேசறப்போ."

"இப்போ?"

நான் குனிந்து கயலின் செருப்பை மாட்டிவிட்டேன். கணவர்தான் சொன்னார். "இப்ப அவங்க பேசறதில்லைங்க."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "இது வந்ததுக்கு நீங்க காரணமில்லைங்க. ஆனா அவங்க பேசட்டும். நெறையப் பேசட்டும்."

ஆட்டிசத்துக்கு நான் காரணமில்லை என்பதை அன்றே ஏற்றுக்கொண்டேன். ஆனால் அந்த ஏழு மாதத்துக்கு நான்தான் காரணம். அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.

ஊர் திரும்பியதும் சேச்சியிடம் அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "ஞான் எத்தனையோ தடவை வாய் தொறந்துட்டு மூடிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு கயலின் முன்னால் உட்கார்ந்து "மோளே" என்றார். அவள் திரும்பவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார். மூடி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மீண்டும் சேச்சியின் முகத்தை ஒரு நொடி பார்க்க நான்கு மாதம் ஆனது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் பெயர் சொன்னால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத, வந்த சொல்லைத் தொலைத்த பிள்ளை இருக்கலாம். அது ஆட்டிசமாக இல்லாமலும் போகலாம். ஆனாலும் காட்டிவிடுங்கள். என்னைப்போலக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களிடம் தயங்கித் தயங்கிச் சொல்ல வருபவரின் வாயையும் அடைக்காதீர்கள்.

கயலுக்கு இப்போது மூன்றரை வயது. வாரம் இருமுறை பஸ் ஏறி ஊட்டிக்குப் பயிற்சிக்குப் போகிறோம். மற்ற பிள்ளைகளின் வயதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு மாதம், வருடம் என்று ஒன்றும் இல்லை. நேற்றைவிட இன்று என்ன என்பதோடு சரி.

அவள் இன்னும் பேசவில்லை. வேண்டியதை என் கையால் கேட்கிறாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்ச் சொம்பின் மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் அது வலித்தது. இப்போது ஆபீஸில் இருக்கும்போதுகூட அந்தக் கை அவளுடையது என்றே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் லீவில் வீட்டில் இருந்தேன். கயல் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். சமையலறைக்குத்தான் என்று எழுந்தேன். வாசல் கதவுக்குக் கூட்டிப்போய், என் கையைத் தாழ்ப்பாளின் மேல் வைத்தாள். திறந்தேன். தூறலில் என்னைப் பக்கத்து வீட்டுப் படிவரை இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே சேச்சி யாரிடமோ போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கேட்டதும் கயல் என் கையை விட்டுவிட்டாள்.