குவார்ட்டர்ஸில் அக்கா

எனக்குக் கல்யாணமான மறுவருஷம், தஞ்சாவூர் ரோட்டில் காட்டூரைத் தாண்டி வந்த புதுத் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கடனில் எழும்பிய தொழிற்சாலை. கடன் கொடுத்த நாட்டு மிஷின்கள். அவற்றை மாட்டிக் கொடுக்க அந்த நாட்டு இன்ஜினியர்களே வந்திருந்தார்கள். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர், தலைக்கு மேலே ஃபேன். குடிபோன கொஞ்ச நாளிலேயே அவரைப் பயிற்சிக்கென்று கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

துணைக்கு வந்து இருக்க மாமியார் இல்லை. என்னைப் பெற்றவர்களும் இல்லை. அக்கம்பக்கத்தில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள்; பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல்? முடித்துவிட்டால் அப்புறம் ஃபேன் சத்தம்தான் பேச்சுத்துணை.

எனக்கென்று இருந்தது அக்கா ஒருத்தி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தாள். அத்தான் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர். அக்கா முதல்முறை என் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை. ஃபேனுக்குக் கீழே தரையில் காலை நீட்டிக்கொண்டாள்.

"இம்புட்டும் கடனாடி?"

"ஆமாக்கா. நாடு வாங்கியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"நாடுன்னா நானும்தானே?" என்று சிரித்தாள். "எங்க சந்துக்கு ஒரு குழாயைப் போட்டுட்டு அப்புறமா எங்கிட்ட வாங்கிக்கச் சொல்லு."

ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டது அதற்குப் பிறகுதான். கடன் கொடுத்தவர்கள் சொல்லித்தான் குறைத்தார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அரிசி, எண்ணெய், துணி எல்லாம் ஏறியது. குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குப் பஞ்சப்படியும் ஏறியது. அத்தானுக்கு எதுவும் ஏறவில்லை. அக்கா வருவது நின்றது. ஒருநாள் நானே ஸ்ரீரங்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது.

"அது வேலைக்குப் போகுதும்மா. எங்கன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவோடு காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவரின் பங்களாவுக்குப் பின்புறம் ஒருத்தி கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

"அக்கா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மா, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "இல்லைங்கம்மா. வேற யாரோன்னு நினைச்சுக் கூப்பிட்டாங்க போல."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன? உன் வீட்டுக்காரர் நாளைக்கே ஆபீசர் ஆவாரு. பாத்திரம் தேய்க்கிறவ தங்கச்சின்னு உன்னைப் பேசணுமா?"

"பேசினா பேசட்டும். நீ வீட்டுக்கு வா."

"பிள்ளைங்க பசியோட இருக்கும்டி" என்று பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு தினமும் என் வாசல் வழியாகத்தான் போனாள். நான் ஜன்னலில் நிற்பேன். அவள் தலை நிமிராமல் போவாள். அக்கா இந்தப் பக்கம் வேலைக்கு வராமல் இருந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்து ஜன்னலைத் திறக்கக்கூட முடியவில்லை. மறுநாள் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அக்கா முன்வாசல் வழியாக வந்து கதவைத் தட்டினாள். ரசம் வைத்தாள். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எங்க அக்கா" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுப் போனவள், பிறகு என்னைக் காய் வாங்கக் கூப்பிடவில்லை. அக்கா அன்று என்னைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் அதிலிருந்து வேலை முடிந்ததும் பின்கட்டு வழியாக வந்து, நின்றபடியே ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். மிஷின்களை மாட்டி முடித்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஒவ்வொருவராக ஊர் போனார்கள். அக்காவின் வேலையும் போயிற்று. மண்டியிலும் கூலி போதாமல், மருங்காபுரிப் பக்கம் அத்தானின் சொந்தக்காரர்களுக்கு இருந்த மானாவாரி நிலத்தில் பாடுபடக் குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரரே ஒருமுறை ஆள் விட்டு அக்காவை வரச் சொன்னார். "வரேன்னு சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினாள், வரவில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொள்வோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். பின்னால் வந்து தோளைத் தொடுவாள். ஸ்ரீரங்கத்தில் என் மடியில் ஏறிக்கொண்டு, "சித்தி, கதை சொல்லு" என்று கன்னத்தைத் திருப்பிய பிள்ளைகள், இப்போது தள்ளி நின்று, "வாங்க சித்தி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

அக்கா அந்த 'வாங்க'வைத் திருத்தவில்லை. "சாப்பிட்டேம்ப்பா" என்றேன் நான்.