ஆய்வு செய்யப்பட்டது

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பாஞ்சாலை யாரோடும் பேசமாட்டாள். கீழ்பென்னாத்தூரில் ஏறியதிலிருந்து திருவண்ணாமலை வரும்வரை கடைப்பலகை, சுவர் விளம்பரம், கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி என்று எது கண்ணில் பட்டாலும் உதடு அசைய வாசித்துக்கொண்டே வருவாள். ஐந்தாம் வகுப்போடு களையெடுக்கப் போனவள். கற்ற எழுத்து கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் அர்ஜுனன் வருடக்கணக்காக இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

"இன்னாடி, கலெக்டர் பரிச்சைக்கா?"

"அந்தப் பரிச்ச உன் பொண்ணு எழுதிக்கும். அவ குந்தப்போற ஆபீஸு எதுன்னு நான் கண்டுபுடிக்க வேணாமா?"

அந்தப் பெண் அபிநயா. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். லேப் முடிந்து வெளியே வருவதற்குள் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் போய்விடும். ஆகவே ஹாஸ்டல் தேடினார்கள். அபிநயாவுக்குக் கல்லூரிக்குப் பின்தெருவில் இருந்த ஒன்று பிடித்திருந்தது. பாஞ்சாலைக்குப் பிடித்தது வேறொன்று. அதன் வாசல் தூணில் பச்சை எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது: சுகாதார ஆய்வு செய்யப்பட்டது. அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"கெவுருமென்ட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போன எடம்டி இது. அங்க அப்படி ஒண்ணும் போடல பாரு."

அபிநயா முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றாள்.

ஐப்பசி மழையில் அந்த ஹாஸ்டலில் ஒவ்வொரு பெண்ணாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். அபிநயாவுக்கும் அவளோடு ஒரே அறையில் இருந்த கடைசி வருடத் தமிழ்செல்விக்கும் கண் மஞ்சளாகிவிட்டது. பாஞ்சாலை மகளை ஊருக்கு அழைத்துப்போய்க் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பெண்களும் கிடந்தார்கள். தமிழ்செல்வியின் அம்மா ராஜம்மாள் செங்கம் பக்கத்துக்காரி. பாஞ்சாலை வராந்தாவில் உட்கார்ந்துவிட்டபோதெல்லாம் ராஜம்மாள்தான் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊட்டினாள். அபிநயாவுக்குக் கடைசியாகத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். தமிழ்செல்வி பிழைத்துக்கொண்டாள். அபிநயாவை ஊருக்கு எடுத்துப் போன வண்டி, கார்த்திகை தீபத்துக்காகத் தெருவெல்லாம் பந்தல் கட்டிக்கொண்டிருந்த திருவண்ணாமலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அர்ஜுனன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீதான படிச்சுப் பாத்துச் சேத்த."

அவன் அதை இன்னொரு முறை சொல்லவில்லை. ஒரு முறையே போதுமானதாக இருந்தது. அந்தப் பலகை பொய்யாக இருக்க வேண்டும் என்று பாஞ்சாலை அன்றிலிருந்து வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். ஒருவரும் வந்து பார்க்காமலே ஹாஸ்டல்காரன் எழுதி மாட்டியிருக்க வேண்டும். அப்படியானால் ஏமாற்றியவன் அவன். அவள் ஏமாந்தவள், அவ்வளவுதான்.

அண்ணன் மகன் வளவன் பி.ஏ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்காக அவன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினான். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுக்களைத்தான் அந்தக் குடும்பம் அதுவரை பார்த்திருந்தது. அவனும் அதே மாதிரி, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, அபிநயா பிறந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, 'ஏன் அந்த விடுதியை ஆய்வு செய்யவில்லை?' என்று முடித்தான். எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினான். நல்ல மனு என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

பதில் ஒரு வரியில் வந்தது. காரணம் கேட்கும் வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வராது.

"ஏன்னு கேக்கக் கூடாதாடா?"

"காயிதத்துல இருக்கறத மட்டுந்தான் கேக்கணுமாம் அத்த. ஏன்றது எந்தக் காயிதத்துலயும் இருக்காது."

"அப்ப இன்னா இருக்கும்?"

"வந்து பாத்தாங்கன்னா, பாத்தத எழுதி வெச்சிருப்பாங்க."

"அதக் கேளு. எம் பொண்ணப் பத்தி ஒண்ணும் எழுதாத."

வளவன் தலையைக் குனிந்துகொண்டு புதிதாக எழுதினான். இந்த முகவரியில் உள்ள விடுதியை ஆய்வு செய்த அறிக்கையின் நகல் வேண்டும். அவ்வளவுதான். அதில் அபிநயாவின் பெயர் இல்லை, செத்துப்போனவர் யாரும் இல்லை.

கெடு முடிந்தும் பதில் இல்லை. மேல்முறையீடு போட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் அர்ஜுனன் வரமாட்டேன் என்றுவிட்டான். வேர்க்கடலை பிடுங்கும் வேலையைப் போட்டுவிட்டு ராஜம்மாள் வந்தாள். அதிகாரி இருவரையும் பார்த்தார்.

"இதுல அப்பீல் போட்டது யாரும்மா?"

"அவங்க சார்," என்றாள் ராஜம்மாள். "நான் தொணைக்கு வந்தேன். எம் பொண்ணு பொழச்சிடுச்சி. அதனால கேக்கற எடத்துல நான் இல்ல."

நகலை அனுப்பிவைக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு ஆனது. வெளியே வந்து டீ குடிக்கும்போது ராஜம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாஞ்சால, காயிதம் வந்தா மொதல்ல எனக்குச் சொல்லணும். எம் பொண்ணு இன்னும் அங்கதான் கெடக்குது. நல்லதோ கெட்டதோ, மறைக்காத."

"உனக்குச் சொல்லாம யாருக்குக்கா சொல்லப்போறேன்?"

அறிக்கை ஒரே ஒரு பக்கம். வளவன் முதலில் மனசுக்குள் வாசித்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு பாஞ்சாலை கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எழுத்தெழுத்தாக அவளே வாசித்தாள். 'விடுதி ஆய்வு செய்யப்பட்டது. குடிநீருக்கான தரைத்தொட்டி, கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி அமைந்துள்ளது. மூடி உடைந்துள்ளது. சரிசெய்ய அறிவுறுத்தப்பட்டது.' மே மாதத் தேதி. அபிநயா சேர்ந்தது ஜூனில்.

"வந்து பாத்திருக்காங்க," என்றாள்.

"ஆமா அத்த."

"பலக பொய்யில்ல."

வளவன் தயங்கினான். "ஆய்வு செய்யப்பட்டதுன்னா வந்து பாத்தாங்கன்னு மட்டுந்தான் அர்த்தம். நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. அவன் பாதிய எழுதி மாட்டிட்டான்."

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். நான்தான் ஜாஸ்தியாப் படிச்சிட்டேன்."

அன்று சாயங்காலம் அர்ஜுனனுக்கும் அதை வாசித்துக் காட்டினாள். அவன் எழுந்து மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனான். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எம்பிப் பார்த்தாள். உடைந்த மூடியின் மேல் ஒரு கடப்பாக் கல் வைத்திருந்தது. தொட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. தமிழ்செல்வியைக் கூப்பிட்டு அனுப்பி, தெருமுனை ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று காகிதத்தைக் காட்டினாள். அந்தப் பெண் வாசித்து முடித்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"அம்மாகிட்ட காட்டிட்டீங்களா ஆன்ட்டி?"

"இன்னும் இல்ல. இங்கேர்ந்து நேரா ஃபோன் பண்ணணும்."

"வேணாம் ஆன்ட்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா அப்பாவுக்குச் சொல்லிடும். அப்பா காச்சல் வந்தப்பவே மாப்ள பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் அழுது அழுதுதான் திரும்பி வந்தேன். இதப் பாத்தா அன்னிக்கே வந்து பொட்டியத் தூக்கிடுவாரு."

"வேற ஹாஸ்டல்ல சேத்துவிடச் சொல்றேன்."

"வேற ஹாஸ்டல்னு ஒண்ணு எங்க வீட்ல கெடையாது. இது இல்லன்னா கல்யாணந்தான்." பிறகு சமாதானம் போலச் சொன்னாள்: "நாங்க இப்ப கேன் தண்ணிதான் குடிக்கிறோம் ஆன்ட்டி. எல்லாருமே."

"பல்லு வெளக்க?"

தமிழ்செல்வி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று, அறிக்கையின் நகலை வைத்து, தொட்டியை இடிக்கச் சொல்லி மனு கொடுத்தாள். ரசீது கொடுத்தார்கள். மனுவில் தமிழ்செல்வியின் பெயரோ ராஜம்மாளின் பெயரோ வராமல் பார்த்துக்கொண்டாள். செய்ய முடிந்ததைச் செய்துவிட்டோமா, இல்லை, செய்ய வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்கிறோமா என்று பஸ் நிலையம் வரும்வரை யோசித்தாள். அவளுக்குப் பிடிபடவில்லை.

பஸ் நிலையத்தில் செங்கம் பஸ் நிற்கும் இடத்தில் ராஜம்மாள் இருந்தாள். மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாளாம். பாஞ்சாலையைப் பார்த்ததும் பையிலிருந்து வேகவைத்த கடலையை அள்ளி அவள் முந்தானையில் போட்டாள்.

"பொண்ணு இளைச்சித்தான் போயிருக்குது. கேட்டா படிப்புன்றா. காயிதம் வந்துச்சா பாஞ்சால?"

காகிதம் அவள் கைப்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டாள். மாப்பிள்ளை பார்க்கும் அந்த அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது. பல் விளக்குவதைப் பற்றிக் கேட்டதும் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு நின்ற பெண்ணின் முகம் தெரியும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தப் பெண் போய்விடுவாள் போலிருந்தது.

"இன்னும் வரலக்கா."

"விடாத. எப்ப வந்தாலும் உன் வாயால கேட்டுக்கறேன். ஆபீஸ்காரன் சொல்லி நான் நம்பப்போறதில்ல."

பஸ் வந்தது. ராஜம்மாள் கூட்டத்தோடு ஏறிப் போனாள்.

அதற்கப்புறம் ராஜம்மாள் போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறாள். தமிழ்செல்விக்குக் கடைசி வருடப் பரீட்சை சித்திரையில். பாஞ்சாலை இன்னும் சொல்லவில்லை.