மின்கம்பத்துச் சிவப்புக் கோடு

காலை ஐந்து பத்து. கைப்பேசி வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது மின்கம்பத்தில் இருந்த சிவப்புக் கோடு. நெஞ்சு உயரத்தில், ஒரு விரல் நீளத்தில், படுக்கையாக இழுத்திருந்தார்கள். முதல் நாள் அது அங்கே இருக்கவில்லை.

குருக்கள்மடத்தில் பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும், தார் போடாத கிறவல் வீதியில் அப்போதுதான் நான் ஓடிப் பழகத் தொடங்கியிருந்தேன். ஓடுவது என்பது பெரிய சொல். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரமாக ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று வைக்கப்போகிறார்கள் என்ற அறிவித்தல் ஒன்றைப் பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். பத்திரிகையில் உப ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் இப்படியான வேலைகள் என்னைத் தேடி வரும். எட்டுப் பிழை திருத்தி அனுப்பிவிட்டு, என் பெயரையும் கொடுத்தேன். அதற்கு முன் பஸ்ஸுக்குக்கூட நான் ஓடியதில்லை.

கோடு இருந்த கம்பம், பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வேலியோரம் நின்றது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. வீடு முடிந்த பிறகுதான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நான் இருக்கும் வீடும் எனக்கு அப்படி வந்ததுதான். இவள் ஒரே மகளுக்காகக் குவைத்தில் வீட்டுவேலை செய்து, திரும்பி வந்து, வாவிப் பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டாள். மாப்பிள்ளைக்கு ஊர் பெரியகல்லாறு. ஆவணியில் கலியாணம் என்று பேச்சு. சுவர் ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது.

கோட்டைப் பார்த்தது நான் மட்டுமல்ல. பிரதான வீதியை அகலித்த காலத்தில் இந்த ஊருக்கு முதலில் வந்தது பொறியியலாளர் அல்ல, சிவப்புக் கோடு. பிறகுதான் மதில்கள் போயின, மாமரங்கள் போயின, ஒரு கடையின் முன்பாதி போனது. ஆகவே அன்று மத்தியானத்துக்குள் வாவி வீதியும் அகலப்போகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. புது வீட்டின் முன்னறை போகும் என்றார்கள். விறாந்தை மட்டும்தான் போகும் என்று சிலர் இரக்கப்பட்டார்கள்.

வீதி வேலைகள் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார். தொலைபேசியில் கேட்டேன். அப்படியொரு திட்டமும் இல்லை என்றார். பத்திரிகைத் தொழிலில் நான் ஒருபோதும் அப்படியே அச்சுக்கு அனுப்பாத வசனம் அது. முன்னைவிடச் சந்தேகம் கூடியது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கதை வந்தது. அவசரமில்லை, றோட்டு விஷயம் தெரிந்த பிறகு நாள் பார்ப்போம் என்று. பெண்ணின் தாய் கட்டுவேலை செய்த மேசனை நிற்பாட்டினாள். அன்று பின்னேரம் என் வீட்டுப் படியில் வந்து இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"ஒண்டையும் மறைக்காதீங்க கா. றோட்டு எவ்வளவு அகலம் வருது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"பேப்பர்க்காரிக்குத் தெரியாதா? விடிய முதல் போனைப் பிடிச்சிக்கிட்டுக் கம்பம் கம்பமா நிண்டு நிண்டு போறீங்க. அளக்கிறீங்க எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. உங்கட வீட்டுக்கு முன்னால கோடு இல்லையே கா."

நான் நின்றது மூச்சு வாங்க. அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போகும்போது மாப்பிள்ளை வீட்டாரையும் ஒரு பிடி பிடித்தாள். வேறெங்கோ பெரிய வீடு கண்டிருக்கிறார்கள், கோடு போட்டதே அவர்களாக இருக்கலாம் என்று. பிறகு தானே சொன்னதை யோசித்துப் பார்ப்பவள்போல வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு காலை இன்னும் தூரம் போனேன். வாவி தெரியத் தொடங்கும் வளைவில் இரண்டாவது கோடு. அந்த இடத்தில்தான் என் கைப்பேசி ஒரு வெள்ளைக்காரியின் குரலில் இரண்டு கிலோமீற்றர் என்று அறிவித்தது. முதல் கோடு இருந்த கம்பத்தடியில் அவள் ஒரு கிலோமீற்றர் என்று சொல்வது வழக்கம். நான் அதைத் தினமும் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீதி அகலிப்பவன் இடைவெளியில்லாமல் குறி வைப்பான். இது வேறு யாரோ.

கோட்டைக் கிட்டப் பார்த்தேன். ஒரு பெரிய தூரிகையின் ஒரே இழுப்பு அல்ல. மிகச் சிறிய தூரிகையால் பக்கம் பக்கமாக இழுத்த பல கோடுகள். மினுங்கியது. நகத்தால் சுரண்டினேன். மெல்லிய செதிலாக உரிந்து வந்தது. வீதிப் பெயின்ற் அப்படி உரியாது. நகப்பூச்சு உரியும்.

திரும்பி வரும்போது புது வீட்டின் முன்சுவரைக் கவனித்தேன். ஈரமாக இருந்தது. இரவில் மழையில்லை. புதிதாகக் கட்டிய சுவருக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், சீமெந்து இறுகுவதற்காக. ஆனால் மேசன் போய் இரண்டு கிழமைக்கு மேல். இறுகி முடிந்த சுவரை யாரோ விடாமல் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வழக்கத்துக்கு முந்திப் போய் அந்த வளவில் குவித்திருந்த மணலில் இருந்தேன். வாவியில் தோணி விளக்குகள் இரண்டு நின்றன. வாவிப் பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது. அளவான, ஒரே சீரான சத்தம். என்னுடையதுபோல் இழுபடும் ஓட்டம் அல்ல. அந்த வீட்டு மகள். கம்பத்தடியில் நின்று முழங்காலில் கை வைத்துக் குனிந்தாள். பிறகு வளவுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி வெறும் சீமெந்துப் பையில் சுற்றி ஜன்னல் துவாரத்தில் ஒளித்துவிட்டு, வாளியை எடுத்துச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அம்மாட்ட சொல்லப்போறீங்களா மாமி?"

அவளும் அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று சொல்லித்தான் இருட்டோடு வெளிக்கிடுகிறாள். தூரம் தெரிய ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஒரு குறி போட்டாள். கையில் இருந்தது நகப்பூச்சு. அது ஊரை இப்படிக் கலக்கும் என்று நினைக்கவில்லையாம். கலக்கிய பிறகு சொல்லவும் முடியவில்லையாம்.

எனக்கு அது போதவில்லை. "கலியாணத்தை நிப்பாட்டத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டேன்.

"இல்ல மாமி. கலியாணம் நடக்கட்டும். வீடு முடிஞ்சா காலையில என்னத்தச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுற? அதுதான் எனக்கு யோசினை."

முகத்தைப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னதில் பாதியை நம்பினேன்; எந்தப் பாதி என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அன்று காலையே தாயிடம் போனேன். கோடு அரசாங்கத்தின் கோடு இல்லை, ஓட்டப் பயிற்சிக்குத் தூரம் அளந்து போட்ட குறி, வந்து சுரண்டிப் பாருங்கள் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் வந்தாள், சுரண்டினாள், விரலை மணந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"உங்கட கூத்தா கா இது? இந்த வயசில உங்களுக்கு ஓட்டமும் வேணும், அதுக்கு அளவும் வேணும். என்ர வீடு நிண்டு போச்சே."

நான் கம்பத்தில் மிச்சமிருந்ததைச் சுரண்டத் தொடங்கினேன். சிரிப்பு முடியும்போது அவள் கண் என் கைகளுக்கு இறங்கியது. நான் நகத்துக்கு ஒன்றும் பூசுவதில்லை. பிறகு வளவுக்குள் போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். மேசனுக்கு இன்றைக்கே சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி போனது. நாள் பார்க்கச் சம்மதித்தார்கள். லிண்டலுக்கு மேல் சுவர் எழும்பியது. மகள் காலையில் வாளியோடு போய்வந்தாள். தாய் எங்கள் இருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஆளிடம்தான் நான் கவனமாக இருப்பேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மீன் விலையைப் பற்றிக்கூட அவளோடு அளந்தே பேசினேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் மகள் வந்து, மாமிக்குத் துணைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்றாள். தாய் மறுப்பில்லாமல் விட்டாளாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஞாயிறு முதல் பஸ்ஸில் போகும்போது மாப்பிள்ளையின் ஊரான பெரியகல்லாற்று முகம் ஏதாவது இருக்கிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். மகள் ஜன்னலோரத்தில் நித்திரை.

ஓட்டம் தொடங்கி முதல் வளைவுக்குள் அவள் என் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டாள். நான் கம்பத்துக்குக் கம்பம் என்ற என் பழைய கணக்கில் போனேன். வெயில் ஏறியது. வாவி என் வலது பக்கம் வெறுமனே கிடந்தது. முடிவிடத்தில் கட்டியிருந்த நாடாவை அவிழ்க்கத் தொடங்கிய நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். மகள் எப்போதோ முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு மரநிழலில் இருந்தாள். பக்கத்தில் தாய். கையில் தண்ணீர்ப் போத்தல், பாதி குடித்திருந்தது.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"புது வீட்டுக்கு டைல்ஸ் பாக்க வந்தன் கா."

நகரத்து டைல்ஸ் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை.