முன்வாசலில் நின்று எழுதியது

போன வியாழக்கிழமை என் கையால் ஒரு பொய் எழுதினேன். தெரியாமல் எழுதிய பொய்தான். ஆனாலும் பொய் பொய்தானே.

சங்கரன்கோவிலில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையையும் காற்றையும் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மழை விட்ட மறுநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை. வகுப்பறைகளில் வீடிழந்தவர்கள் படுத்திருந்தார்கள். வாத்தியார்களான எங்களைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்து, ஆளுக்கு ஒரு தெருவைக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். முழுச் சேதம், பாதிச் சேதம், சேதமில்லை — மூன்றில் ஒன்று. லிஸ்ட் சாயங்காலத்துக்குள் வேண்டும். அப்போதுதான் ஓலையும் மூங்கிலும் சீக்கிரம் வந்து சேருமாம். நியாயம்தானே?

எனக்குக் கிடைத்தது நெசவாளர்கள் குடியிருக்கும் ஒரு நீளத் தெரு. எல்லாம் மண்சுவர், ஓலைக்கூரை. துணைக்குத் தலையாரி சுடலைமுத்து. எந்த வீட்டில் யார் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் பெயரைச் சொல்லுவார். நான் வீட்டைப் பார்ப்பேன், பென்சிலால் எழுதுவேன்.

முதல் சில வீடுகளில் நின்று பேசினேன். ஒரு வீட்டில் சுவரே இல்லை, வாசல் நிலை மட்டும் நிற்கிறது. வீட்டுக்காரர் அந்த நிலைக்குள் நின்றுகொண்டு, “உள்ள வாங்க சார்வாள்” என்றார். நானும் தலையைக் குனிந்து நிலை வழியாகவே போனேன்!

பிறகு வேகம் பிடித்துவிட்டது. கணக்கு வாத்தியார் இல்லையா... தெருவில் நின்று பார்த்தாலே போதும் என்று தோன்றிவிட்டது.

அடுத்தது பிச்சம்மாள் வீடு. தனியாக இருந்து தறி நெய்து பிழைப்பவர். தீபாவளிக்கு வெள்ளையடித்த முன்சுவர் நேராக நின்றது. கூரையில் ஓர் ஓலைகூட நகரவில்லை. கதவு சாத்தியிருந்தது.

“பிச்சம்மா! ஏ பிச்சம்மா!” சுடலைமுத்து கூப்பிட்டார். பதில் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். “அவ கடையநல்லூருக்கு மக வீட்டுக்குப் போயிருப்பா. போவணும் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா.”

“சரி, சேதமில்லைன்னு எழுதிக்கிடுதேன்” என்று சத்தமாகவே சொல்லி, எழுதினேன். நகர்ந்தோம்.

மூன்று வீடு தாண்டியிருப்போம். சுடலைமுத்து நின்றுவிட்டார்.

“சார்வாள், அந்தக் கதவுல பூட்டு கெடந்துதா?”

“பார்க்கலையே. ஏன்?”

“கடையநல்லூர் போறவ பூட்டாமலா போவா?”

“நேரமாகுது சுடலைமுத்து...”

இதைச் சொன்னவன் நான்தான். மறைக்க விரும்பவில்லை.

அவர் காதில் வாங்காமல் திரும்பி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கதவைத் தள்ளினால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போனோம்.

பின்பக்கம் என்று ஒன்றே இல்லை! பின்சுவர் மொத்தமும் உள்பக்கமாகச் சரிந்து, அதன்மேல் பாதிக் கூரை உட்கார்ந்திருந்தது. நான் வீடு என்று நினைத்து எழுதியது ஒரே ஒரு சுவரை.

சுடலைமுத்து ஓலையைப் பிய்த்து எறிந்தார். “ஏ, ஆளு கெடக்கு! ஓடியாங்கவே!”

தெருவே திரண்டது. மண்வெட்டி பட்டுவிடும் என்று யாரோ கத்த, எல்லாரும் கையாலேயே மண்ணை வாரினோம். தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அது. அந்தக் குழிக்குள் இடுப்பளவு சேற்றில் பிச்சம்மாள் கிடந்தார். அவருக்கு மேலே தறியின் மரச்சட்டம். சட்டத்தின் மேலே சுவர். அந்த மரம் மட்டும் ஒடிந்திருந்தால்...

கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது.

கதவைக் கழற்றி, அதில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். அப்போதுதான் என் சட்டைப் பையில் லிஸ்ட் இன்னும் இருப்பதைக் கவனித்தேன். பிச்சம்மாள் — சேதமில்லை. என்ன அழகான கையெழுத்து!

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையநல்லூரிலிருந்து மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் பிச்சம்மாளே ஆரம்பித்தார்.

“மழ நின்னுட்டுன்னு அன்னைக்கு விடியக்காலம் தறிக்குழித் தண்ணிய எறைக்க எறங்குனேன் சார்வாள். சொவரு விழுந்துட்டு. பொறவு நீங்க வாசல்ல வந்து பேசுனது அம்புட்டும் கேட்டுது. சேதமில்லைன்னீயளே, அதுவும் கேட்டுது. கூப்பிடலாம்னா வாயெல்லாம் மண்ணு. செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போவுது... அப்பதான் பயந்துட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் அத்தனை நேரம் கிடந்தது தெருவில் யாருக்குமே தெரியாமல் போனதே, எப்படி? மழை விட்ட பிறகும் ஊரெங்கும் ஊறிய சுவர்கள் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு சுவரின் சத்தத்தை யார் தனியாகக் கேட்கப்போகிறார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வேறு. பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்டவன். கூப்பிட்டோம், பதில் இல்லை, அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் — இப்படி எத்தனை மனிதர்களின் வாசலிலிருந்து திரும்பியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. நான் லீவு போட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. சேதமில்லை என்று எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போனேன், இந்தத் தடவை சந்து வழியாக. ஒரு வீட்டுப் பின்சுவரில் என் கையே நுழைகிற அளவு விரிசல். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளையோடு தெருவுக்கே ஓடிவந்துவிட்டாள்.

கடைசி வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன சார்வாள், எல்லாரும் முன்வாசல் வழியா வாராவ. நீங்க மட்டும் களவாணி மாதிரி பொறவாசல் வழியா வாரீயளே!”

களவாணியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.